களஞ்சியத்தின் இரு வாயில்கள்

பொருளைத் திரட்டி வைப்பது எளிது. திரட்டிய பொருள் கெடாமற் காப்பது அரிது. நெற்குதிராயினும் ஏட்டுச் சுவடியாயினும் நூலகமாயினும் இவ்வுண்மை பொருந்தும். அண்மைக் காலத்தில் மாந்தர் அமைத்துள்ள புதுவகைக் களஞ்சியம் ஒன்றுக்கும் இது பொருந்துகின்றது. மென்பொருட் களஞ்சியம் என்பது அதன் பெயர். கணினியை இயக்கும் ஆணைத்தொடர்களை, அவற்றை எழுதியோரே எழுதிய வடிவில், யாவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமை தந்து சேர்த்து வைக்கும் இடம் அது. தொண்டர்களின் கூட்டுறவால் நடைபெறும் இத்தகைய களஞ்சியங்கள் உலகிற் பல உள்ளன. எடுப்பவர் யார், இடுபவர் யார், இட்டதன் தரத்தை ஆய்பவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காணும் முயற்சியே அவற்றின் வரலாறு எனலாம்.

கோலாலம்பூரின் வட எல்லையில் செலாயாங் மொத்தச் சந்தை இருக்கின்றது. காய்கறியும் மீனும் வாங்க வருவோரை அங்கே எவரும் தடுப்பதில்லை. ஆனால் கடை வைத்து விற்பவர் மாநகராட்சி மன்றத்தின் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். வாங்கும் வாயில் அகன்றது. விற்கும் வாயில் குறுகியது. மென்பொருட் களஞ்சியங்களும் நெடுநாள் பட்டறிவுக்குப் பின் ஏறக்குறைய இந்த ஏற்பாட்டுக்கே வந்து சேர்ந்தன.

அதே செலாயாங்கில் 1999ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அரசு மருத்துவமனை, காகிதக் கோப்புகளை ஒழித்து, நோயாளர் பற்றிய குறிப்புகள் அனைத்தையும் கணினியிலேயே வைக்கும் முறையை மலேசியாவில் முதன்முதல் மேற்கொண்டது. அங்கே பயன்பட்ட மென்பொருள் நிறுவனம் ஒன்றிடமிருந்து வாங்கப்பட்டதே. தொண்டர் செய்தது அன்று. எனினும், விலை கொடுத்து வாங்கும் மென்பொருளின் உள்ளேயும் பொதுக் களஞ்சியங்களிலிருந்து எடுத்த உறுப்புகள் பல இருப்பது இன்றைய உலக வழக்கம். மருந்துச் சீட்டும் வங்கிக் கணக்கும் பள்ளிப் பதிவேடும் மென்பொருளை நம்பி நிற்கும் காலத்தில், அதன் உறுப்புகளைச் செய்தவர் யார், சரிபார்த்தவர் யார் என்பவை பொறியாளருக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. பொதுமக்களின் வினாக்கள் ஆகும்.

தொடக்கக் காலம்

மென்பொருளைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் கணினியின் பிறப்போடு தோன்றியது எனில் மிகையாகாது. 1955ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் ஐ.பி.எம். 704 என்னும் கணினியைப் பயன்படுத்தியோர் ஒன்றுகூடி ‘ஷேர்’ என்னும் சங்கத்தை நிறுவினர். ஒருவர் எழுதிய ஆணைத்தொடரை மற்றவர் மீண்டும் எழுதி உழைப்பை வீணாக்குதல் கூடாது என்பதே அவர்தம் நோக்கம். 1961இல் டிஜிட்டல் நிறுவனத்தின் கணினிகளைப் பயன்படுத்தியோரும் இத்தகைய சங்கம் ஒன்றைத் தொடங்கினர். அக்காலத்தில் மென்பொருள் கணினியோடு இலவசமாக வந்த துணைப்பொருள். அதற்குத் தனி விலை இல்லை.

1969ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம், மென்பொருளையும் பணிகளையும் கணினியின் விலையிலிருந்து பிரித்துத் தனியே விற்கப்போவதாக அறிவித்தது. மென்பொருள் தனிச் சரக்காயிற்று. சரக்கான பின் அதன் மூலநிரல், அதாவது மனிதர் படித்தறியத்தக்க மூல வடிவம், மெல்ல மெல்ல மறைக்கப்பட்டது. இப்போக்கை எதிர்த்து ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் 1983இல் ‘குனூ’ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1989இல் வெளிவந்த பொது உரிமம், மென்பொருளைப் பெற்றவர் அதனைப் பிறருக்கு வழங்கும்போது தாம் பெற்ற உரிமைகளையும் சேர்த்தே வழங்குதல் வேண்டும் என்று விதித்தது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ‘லினக்ஸ்’ என்னும் இயங்குதளக் கருவை வெளியிட்டார்.

உரிமை கிடைத்தது, பொருளும் பெருகிற்று. இனி அதனை எங்கே, எவ்வாறு சேர்த்து வைப்பது என்னும் சிக்கல் எழுந்தது. நூல் அச்சுக்கோப்புக்குப் பயன்படும் ‘டெக்’ மென்பொருளின் துணைக் கருவிகள் பல்கலைக்கழகக் கணினிகள் பலவற்றிற் சிதறிக் கிடந்தன. 1992ஆம் ஆண்டில் அவை ஒருமுகப்படுத்தப்பட்டு ‘சிடான்’ என்னும் பொதுக் களஞ்சியம் உருவாயிற்று. அதனை முன்மாதிரியாகக் கொண்டு, ‘பெர்ல்’ என்னும் நிரல்மொழிக்கு 1995இல் ‘சிபான்’ தோன்றிற்று.

சிபானின் விதி தாராளமானது. பெயரைப் பதிந்துகொண்ட எவரும் தம் ஆக்கத்தை அங்கே இடலாம். நன்று தீது என்று முன்கூட்டிச் சொல்வார் இலர். ஆனால் இட்ட பின்பு வேறொரு தொண்டர் படை அதனைத் தத்தம் கணினிகளில் ஓட்டிப் பார்த்து, வெற்றி தோல்விகளை வெளிப்படையாக எழுதி வைத்தது. இது வாயிலில் நின்று தடுக்கும் காவல் அன்று; உள்ளே வந்தபின் மதிப்பெண் இடும் காவல்.

டெபியன் வகுத்த முறை

வாயிலிலேயே காவல் வைத்த களஞ்சியத்திற்குச் சிறந்த சான்று ‘டெபியன்’. 1993 ஆகஸ்டு 16ஆம் நாள் இயன் மர்டாக் என்னும் மாணவர் இதனை அறிவித்தார். தம் பெயரையும், பின்னர் தம் மனைவியான டெப்ராவின் பெயரையும் இணைத்தே அவர் இதற்குப் பெயரிட்டார். 1996இல் வெளிவந்த 1.1 பதிப்பில் 474 பொதிகள் இருந்தன. பொதி என்பது, நிறுவுதற்கு ஏற்றவாறு கட்டி வைக்கப்பட்ட மென்பொருள். 2023 ஜூனில் வெளிவந்த 12ஆம் பதிப்பில் அத்தொகை 64,000ஐயும் தாண்டிற்று. இவ்வளவு பெரிய களஞ்சியத்தைப் பேணுவோர் ஏறத்தாழ ஆயிரம் தொண்டர்களே என்பது வியப்புக்குரியது.

இதன் அடிப்படை 1997 ஜூலையில் ஏற்கப்பட்ட ‘சமுதாய ஒப்பந்தம்’ ஆகும். களஞ்சியம் என்றும் கட்டற்றதாகவே இருக்கும், குறைகள் மறைக்கப்படா, பயன்படுத்துவோர் நலனே முதன்மையாகக் கருதப்படும் என்று அவ்வொப்பந்தம் உறுதி கூறிற்று. எந்த உரிமம் கட்டற்ற உரிமம் ஆகும் என்பதற்கான அளவுகோலும் அதனுடன் வகுக்கப்பட்டது. எவரையும், எந்தத் துறையையும் விலக்கி வைக்கும் உரிமம் ஏற்கப்படாது என்பது அவ்வளவுகோலின் கூறுகளுள் ஒன்று. எடுக்கும் வாயில் இவ்வாறு நிலையாகத் திறந்து வைக்கப்பட்டது.

இடும் வாயிலின் கதை வேறு. தொடக்கத்தில் விருப்பமுடைய எவரும் எளிதில் உறுப்பினர் ஆயினர். தொகை பெருகப் பெருக, அறிமுகமற்றோரை எதைக் கொண்டு நம்புவது என்னும் ஐயம் வளர்ந்தது. 1999இன் பிற்பகுதியில் புது உறுப்பினரைச் சேர்ப்பதே நிறுத்தி வைக்கப்பட்டது. மறு ஆண்டு வாயில் திறந்தபோது புதிய விதிகள் காத்திருந்தன. புதிதாக வருபவருக்கு ஏற்கெனவே உறுப்பினராக உள்ள ஒருவர் பரிந்துரை செய்தல் வேண்டும். வருபவர் தம் மின்சாவியை உறுப்பினர் ஒருவரிடம் நேரிற் காட்டி, அரசு தந்த அடையாளச் சீட்டுடன் ஒப்பிட்டுச் சான்று பெறுதல் வேண்டும். கொள்கை பற்றியும் நடைமுறை பற்றியும் கேட்கப்படும் வினாக்களுக்கு விடை எழுதுதல் வேண்டும். தம் திறமையைச் செய்து காட்டுதலும் வேண்டும். இத்தேர்வு முடியத் திங்கள் பல ஆவதும் உண்டு. உலகெங்கும் பரந்த, முகமறியாத கூட்டத்தில் நம்பிக்கையின் முதற்கண்ணி இரண்டு மனிதர் நேருக்கு நேர் சந்திப்பதாக இருந்தது என்பது கருதத்தக்கது.

ஆள் தேறினாலும் அவர் செய்த பொதி தனியே தேற வேண்டும். புதிய பொதி வந்ததும் அதன் உரிமத்தை ஆயும் குழு ஒன்று உண்டு. அதனைக் கடந்த பொதி ‘நிலையாதது’ என்னும் முதற்பகுதியில் வைக்கப்படும். அங்கே சில நாள் கிடந்து, கடுங்குறை எதுவும் அறிவிக்கப்படாமல், பலவகைக் கணினிகளிலும் கட்டமைந்தால் ‘சோதனை’ என்னும் பகுதிக்கு நகரும். 2000ஆம் ஆண்டின் இறுதியில் உருவான இடைநிலை அது. பின்னர் பல திங்கள் புதியன நுழையாதவாறு அப்பகுதியை உறையவைத்து, எஞ்சிய குறைகளைக் களைந்து, ‘நிலையானது’ என்று வெளியிடுவர். புதுமையை விரும்புவோர் முதற்பகுதியிலும், உறுதியை விரும்புவோர் கடைசிப் பகுதியிலும் எடுத்துக்கொள்ளலாம். எதில் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பது பெயரிலேயே தெரிந்துவிடுகின்றது.

தமிழ்க் களஞ்சியங்கள்

தமிழர் இந்த வரலாற்றில் வெறும் பார்வையாளராக இருந்தாரல்லர். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கண்ட கோலாலம்பூர், கணித்தமிழ் வளர்ச்சியிலும் முன்னின்ற நகரம். மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கினார். அது தனியொருவர் முயற்சியில் எழுந்தது. பொதுக் களஞ்சியம் அன்று. ஆயினும் கணினியில் தமிழ் எழுத இயலும் என்னும் துணிவை அது பலருக்கும் தந்தது.

அந்நாளில் தமிழ்க் கணிமைக்கு இருந்த பெருநோய் குறியீட்டுக் குழப்பம். ஒவ்வோர் எழுத்துரு செய்தவரும் தமிழ் எழுத்துகளைத் தாம் விரும்பிய எண்களில் வைத்தனர். ஓர் எழுத்துருவில் எழுதிய கடிதம் மற்றொன்றில் பொருளற்ற கீறல்களாகத் தோன்றிற்று. 1997 முதல் பல நாட்டுத் தமிழர் மின்னஞ்சல் வழியே கலந்துரையாடி ‘திஸ்கி’ என்னும் பொதுக் குறியீட்டை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டில் தாம், தாப் என்னும் வேறு குறியீடுகளும், ‘தமிழ் 99’ விசைப்பலகையும் ஏற்கப்பட்டன. 2000இல் சிங்கப்பூரில் ‘உத்தமம்’ என்னும் உலக அமைப்பு தோன்றியது. அதன் முயற்சியில் 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரிலும், 2013 ஆகஸ்டில் மீண்டும் அந்நகரின் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. உலகளாவிய யூனிகோடு குறியீட்டில் 1991 முதலே தமிழ் இடம்பெற்றிருந்தும், தமிழக அரசு அதனை ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில்தான்.

இக்குழப்பத்தின் நடுவே ஒரு களஞ்சியம் ஒழுங்குடன் வளர்ந்தது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ அது. சுவிட்சர்லாந்து நாட்டின் லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அதன் தலைவர். திருக்குறள் முதலாகத் தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து யாவர்க்கும் விலையின்றி வழங்குவது அதன் பணி. அங்கே சேர்வன நூல்களே, மென்பொருள் அல்ல. ஆனால் களஞ்சிய விதியில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை. ஒவ்வொரு நூலின் முன்னும் ஒரு தலைப்பக்கம் இருக்கும். தட்டச்சுச் செய்தவர் பெயரும், மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் அதில் இருக்கும். அத்தலைப்பக்கத்தைச் சிதைக்காமல் வைத்திருக்கும்வரை எவரும் நூலை எங்கும் பரப்பலாம் என்னும் அனுமதியும் இருக்கும். எடுக்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு. இட்டவர் இன்னார் என்னும் பதிவு மறையக்கூடாது. டெபியன் மின்சாவியால் செய்த காரியத்தை மதுரைத் திட்டம் ஒரு பக்கத் தமிழாற் செய்தது எனலாம். பிற்காலத்தில் ஒரு நூலின் பக்கங்களைத் தொண்டர் பலர் பங்கிட்டு மெய்ப்புப் பார்க்கும் முறையும் அங்கே வந்தது.

மென்பொருளிலும் இத்தகைய தொண்டு நடைபெற்றது. ‘தமிழா’ குழுவினரின் ‘இ-கலப்பை’ உலகெங்கும் தமிழரின் விசைப்பலகை ஆயிற்று. அதன் தொடக்கப் பதிப்புகள் விலையின்றிக் கிடைத்தன எனினும், உள்ளே இயங்கிய பொறி வேறொரு நிறுவனத்தின் மூடிய மென்பொருளாக இருந்தது. பின்னர் அது கட்டற்ற மூலநிரலோடு புதிதாக எழுதப்பட்டது. விலையின்மையும் உரிமையும் ஒன்றல்ல என்பதைத் தமிழர்க்கு உணர்த்திய சான்று இது. ‘லோகித்’ எழுத்துருவும், சங்கப் புலவர் பரணர் பெயர் தாங்கிய எழுத்துருவும் கட்டற்ற உரிமம் பெற்று டெபியன் களஞ்சியத்தில் இடம்பெற்றன. நிரல் எழுதுவோர்க்குத் தமிழ்ச் சொற்களைக் கையாள உதவும் ‘ஓப்பன் தமிழ்’ தொகுப்பு, பைத்தான் மொழியின் பொதுக் களஞ்சியத்திற் கிடைக்கின்றது.

மலேசிய அரசும் இத்துறையை நோக்கிற்று. 2004 ஜூலையில் பொதுத் துறைக்கான திறந்த மூல மென்பொருட் பெருந்திட்டம் வெளியிடப்பட்டது. அதனை நடத்த ஒரு தனி மையமும் அமைக்கப்பட்டது. ஓர் அரசு அலுவலகம் செய்த மென்பொருளை மற்றோர் அலுவலகம் எடுத்துப் பயன்படுத்தலாம் என்னும் கருத்து, 1955இல் ‘ஷேர்’ சங்கத்தார் கொண்ட கருத்தே ஆகும்.

காவல் தவறிய இடங்கள்

இத்தனை விதிகள் இருந்தும் தவறு நேரவில்லையா எனின், நேர்ந்தது. அவற்றுள் இரண்டு அறியத்தக்கவை.

2006ஆம் ஆண்டில் டெபியன் பராமரிப்பாளர் ஒருவர், மறைக்குறியீட்டுக்குப் பயன்படும் ‘ஓப்பன் எஸ்.எஸ்.எல்.’ பொதியில் சில வரிகளை நீக்கினார். சோதனைக் கருவி ஒன்று அவ்வரிகளைப் பிழை போலச் சுட்டியதே காரணம். ஆனால் அவ்வரிகளே எண்களை எவரும் ஊகிக்க இயலாதவாறு கலக்கி வந்தவை. அவை நீங்கியபின், எண்ணற்ற வகையில் அமைய வேண்டிய இரகசியச் சாவிகள் ஒவ்வொரு வகையிலும் 32,768க்குள் அடங்கிவிட்டன. ஒரு பூட்டுக்கு இத்தனை சாவிகளே உண்டு எனத் தெரிந்தால் கள்வனுக்கு வேலை எளிது. பொதி ‘நிலையானது’ வரை சென்றது. 2008 மே திங்களில் டெபியன் தொண்டர் ஒருவரே அதனைக் கண்டறிந்தார். திருத்தம் வெளியாயிற்று. ஆனால் உலகெங்கும் உள்ளோர் தம் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. நல்லெண்ணத்தோடு செய்த மாற்றத்தையும் மற்றொருவர் கண் பார்த்தல் வேண்டும் என்பது இதன் படிப்பினை.

மற்றது நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதன்று. கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்.இசட்.’ என்னும் சிறு மென்பொருளை நெடுங்காலம் ஒரே மனிதர் தனித்துப் பேணிவந்தார். 2021 முதல் ‘ஜியா டான்’ என்னும் பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். பயனுள்ள திருத்தங்களை அனுப்பினார். அதே காலத்தில் அறியாத பெயர்கள் சில, பணி தாமதமாகிறது என்று பழைய பராமரிப்பாளரைக் குறைகூறி நெருக்கின. களைத்த மனிதர் உதவியாளரைப் பங்காளியாக்கினார். 2024இன் தொடக்கத்தில் வெளிவந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில், பிறர் கணினிக்குள் நுழையத்தக்க கள்ளவழி ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அதனை உயிர்ப்பிக்கும் பகுதி, யாவரும் பார்க்கும் மூலநிரலில் இல்லாமல் வெளியீட்டுக் கட்டில் மட்டும் இருந்தது. கணினிக்குள் நுழையும் நேரம் அரை நொடி கூடியது ஏன் என்று ஆராய்ந்த ஆண்ட்ரஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர் மார்ச் 29ஆம் நாள் அதனை உலகுக்கு அறிவித்தார்.

டெபியனின் முதல் இரு பகுதிகளிலும் அப்பதிப்பு நுழைந்திருந்தது. ‘நிலையானது’ பகுதிக்குச் செல்லவில்லை. காலம் தாழ்த்தி ஏற்கும் விதி பலரும் குறைகூறிய விதி. அன்று கோடிக்கணக்கானோரைக் காத்ததும் அதுவே. அதே வேளையில், வாயிற்காவல் எத்துணை வலிதாயினும், உள்ளே தனித்து உழைக்கும் ஒருவரின் களைப்பைக் கவனியாவிடின் களஞ்சியம் அவ்விடத்தில் உடையும் என்பதையும் அந்நிகழ்ச்சி காட்டிற்று. அவ்வாண்டின் தொடக்கம் முதல் பைத்தான் களஞ்சியம், ஆக்கங்களை இடுவோர் அனைவரும் கடவுச்சொல்லோடு இரண்டாம் அடையாளமும் காட்ட வேண்டும் என்று விதித்திருந்தது. அவ்விதி கள்ளச் சாவியைத் தடுக்கும். நம்பிக்கை பெற்றபின் வஞ்சிப்பவரைத் தடுக்க அது போதாது. உடனிருந்து பார்க்கும் கண்களே வேண்டும்.

வரலாறு கூறுவது

எழுபது ஆண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று உண்மைகள் புலனாகின்றன. எடுக்கும் வாயிலைக் குறுக்கிய களஞ்சியம் பொதுக் களஞ்சியமாக நிலைக்கவில்லை. இடும் வாயிலில் ஆளும் பொருளும் தனித்தனியே ஆயப்பட்ட இடங்களில் தரம் நின்றது. இவ்விரண்டும் அமைந்தும், சரிபார்க்கும் தொண்டர் தொகை குறைந்த இடத்தில் விதிகள் ஏட்டளவில் நின்றன.

மூன்றாவது உண்மை தமிழருக்கே மிகுதியும் உரியது. கைப்பேசியிலும் கணினியிலும் நாள்தோறும் தமிழ் எழுதுவோர் கோடிக்கணக்கினர். அவர்கள் பயன்படுத்தும் கட்டற்ற எழுத்துருக்களையும் விசைப்பலகைகளையும் மொழிபெயர்ப்புகளையும் பேணுவோரோ மிகச் சிலர். ஒருவர் ஓய்ந்தால் ஒரு பொதி ஓயும் நிலை பல இடங்களில் உண்டு. கள்ளர் கைக்குப் போகாவிடினும், கவனிப்பாரின்றிப் பழுதாவதும் இழப்பே. பழைய எழுத்துருக்களில் அடைபட்டு இன்று படிக்க இயலாமற் போன தமிழ்க் கோப்புகள் அதற்குச் சான்று.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நிரல் எழுதத் தெரிந்தோர் மட்டுமே இதற்கு உரியர் என்பதும் இல்லை. ஓர் எழுத்துருவில் ‘ஸ்ரீ’யும் ‘க்ஷ’வும் சரியாக அமைகின்றனவா எனப் பார்த்து எழுதுதல், மொழிபெயர்ப்பில் வந்த தவறான சொல்லைச் சுட்டுதல், மெய்ப்புப் பார்த்தல் ஆகியவை கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் கல்லூரி மாணவரும் மாலை வேளையிற் செய்யத்தக்க பணிகளே. களஞ்சியத்திலிருந்து எடுப்போருள் நூற்றில் ஒருவரேனும் சரிபார்ப்போராக மாறுவாராயின், தமிழ்க் கணிமையின் காவல் இன்று உள்ளதினும் பன்மடங்கு வலுப்பெறும்.